லேசான பனி, கடுங்குளிர்

மூஹுப் செய்த குற்றங்களை நாள் வரிசை தவறாமல் சொல்கிறேன்.

டிசம்பர் மூன்று. மலைப்பகுதியில் லேசான பனி, கடுங்குளிர் என்றது வானொலி. அவன் வீட்டிலிருந்து சாலைக்கு ஆள் வரவில்லை.

டிசம்பர் பத்தொன்பது. அதே அறிவிப்பு. அதே வீடு. ஆள் இல்லை.

ஜனவரி பதின்மூன்று, எங்கள் புத்தாண்டான யென்னாயர் பண்டிகைக்கு மறுநாள். ஊரே கோழியும் கூஸ்கூஸும் தின்ற மயக்கத்தில் இருந்தது. இருந்தும் வந்தார்கள். வருகை நோட்டில் அவன் பெயருக்கு நேரே மூன்றாவது பெருக்கல் குறி விழுந்தது.

பெரிய பனி விழுந்தால் அரசாங்கம் இயந்திரம் அனுப்பும். லேசான பனிக்கு யாரும் வர மாட்டார்கள். அது இரவில் விழுந்து, விடிவதற்குள் கண்ணாடியாக இறுகி, ஊருக்குக் கீழே உள்ள வளைவில் பள்ளிக்கூட வண்டியை வழுக்கிவிடும். அதனால் வீட்டுக்கு ஓர் ஆள், பனிமேல் தூவ ஒரு வாளி அடுப்புச் சாம்பலோடு, விடியும்போது வளைவில் நிற்க வேண்டும்.

என் வேலை அறிவிப்பு. வானொலி சொன்னதைக் கையால் எழுதி, முந்தின மாலையே ஆறு சுவர்களில் ஒட்டிவிடுவேன். தொழிற்சங்கத்துக்குத் துண்டுப் பிரசுரம் எழுதிப் பழகிய கை. "தோழர்களே, லேசான பனி என்ற சொல்லில் ஏமாறாதீர்கள்" என்று தொடங்குவேன். ஒரு முறை குளிருக்கும் முதலாளிகள்தான் காரணம் என்று எழுதினேன். ஊர்ச் சபைத் தலைவர் மெஸியான் அந்த வரியை அடித்துவிட்டார்.

மூன்று முறை வராதவன் பெயரைச் சபையில் சாட்சிகள் முன் உரக்க வாசிக்க வேண்டும். அவன் ஒரு வருடம் சபையில் வாய் திறக்கக் கூடாது. ஒருவனுக்காக இன்னொருவன் நிற்பது செல்லாது. இந்த விதியும் என்னுடையதுதான். போன வருடம் நாலு பக்கம் எழுதி, சண்டை போட்டு நிறைவேற்றியது.

மூஹுப்புக்கு இந்த வருடம் வாய் தேவைப்பட்டது. தன் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்க இருந்தான். அதற்கு நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை சபைக்குக் கிளம்பும்போது என் மனைவி ஃபெரூஜா குறுக்கே வந்தாள்.

"மூஹுப்பை விட்டுடுங்களேன்."

"ஏன்?"

"நம்ம சாம்பல் வாளி எப்படிக் காலியாகுதுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

"ரோஜாச் செடிக்குப் போடுவே."

"ஆமா. இந்தக் குளிர்ல ரோஜா" என்று உள்ளே போய்விட்டாள்.

சபையில் ஐம்பது பேர் இருந்தார்கள். வளைவில் வருகை குறிக்கும் ஷபானிடம் நோட்டு இருந்தது.

"வாசி, ஷபான்" என்றேன்.

"அமொக்ரான் அண்ணே, அடுத்த வாரமும் பனின்னு சொல்றாங்க. இதை அப்புறம் பார்த்துக்கலாமே."

"நாலு முதலாளியையும் ரெண்டு மந்திரியையும் பார்த்தவன் நான். 'அப்புறம்'னா என்னன்னு எனக்குத் தெரியும்."

சிரித்தார்கள். மூஹுப் மட்டும் மடியில் வைத்திருந்த தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"வாசிச்சுடு ஷபான். எனக்கு ஒண்ணுமில்லை" என்றான்.

"உனக்கு ஒண்ணுமில்லை. எனக்குத்தான் பொய் வாசிக்க வரலை."

ஷபான் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, மூணு நாளும் முதல் ஆளா வந்தது மூஹுப்தான். கையில நீல வாளி."

எங்கள் வீட்டு வாளி நீலம்.

"'இது அமொக்ரான் அண்ணன் வீட்டுச் சாம்பல், அவர் பேருக்கு டிக் போடு'ன்னான். ஒரு ஆளுக்கு ஒரு வீடுதானே. உங்களுக்கு டிக், அவனுக்குப் பெருக்கல். போட்டது என் தப்புதான்."

"நான்தான் சுவர்ல ஒட்டறேனே. அது வேலை இல்லையா?"

"விதியில அப்படி இல்லை அண்ணே. நாலு பக்கமும் படிச்சுட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"ஒருத்தனுக்காக இன்னொருத்தன் நிக்கறது செல்லாதுன்னா, வராத வீடு எதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றான் ஷபான், மெதுவாக.

மூஹுப் எழுந்தான். "இதுல என்ன பேச்சு? எங்கப்பாவை மறுபடி வேலைக்கு எடுக்கச் சொல்லி நடந்த போராட்டத்துலதான் அமொக்ரான் அண்ணன் முழங்கால் போச்சு. வளைவுல நின்னா விழுந்துடுவாரு. என் பேரையே வாசிங்க."

மெஸியான் கையைத் தூக்கினார். "விடுங்கப்பா. யார் பேரும் வேண்டாம். அடுத்த வேலையைப் பார்ப்போம்."

ஐம்பது தலைகளும் ஆடின. சுலபமான வழி. நாற்பது வருடமாகச் சுலபமான வழிகளைத் திட்டியே எழுதியவன் நான்.

எழுந்தேன். முழங்கால் வலித்தது.

"சாட்சிங்க எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம்."

"இந்த வருஷத்துக்கு எனக்குக் கடைசியா ஒரு பேச்சு இருக்கு. மூஹுப் வீட்டுக்குக் குழாய் வேணும். பனி உருகறதுக்குள்ள போட்டாகணும். எழுதிக்கோங்க."

மெஸியான் எழுதும்வரை காத்திருந்தேன். பிறகு ஷபானிடமிருந்து நோட்டை வாங்கி, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி நானே வாசித்தேன்:

"பெலைத் மகன் அமொக்ரான்."