மாடி போர்ஷன்

வீட்டுச் சொந்தக்காரர் ரோசியம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, என்னை அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

வரிசையாக மொட்டை மாடிகள். அவற்றுக்கு மேல் துறைமுகத்துக் கிரேன்கள். கிரேன்களுக்கு நடுவே கொஞ்சம் கடல்.

"இன்னா ராமசெல்வி, எப்டி கீது? இந்த சீனுக்கு அவனவன் பீச்சாண்ட போய் ஓட்டல் ரூம் போடறான். நீ பல்லு வெளக்கிகினே பார்க்கலாம்."

வீடு பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அரை மணி நேரமாகச் சுற்றிக் காட்டுகிறவர், நான் என்ன வேலை செய்கிறேன் என்று இன்னும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி எப்போது வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே அவர் பின்னால் நடந்தேன்.

இதற்கு முன் ஐந்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஐந்து பேருக்கும் உண்மையைச் சொன்னேன். ஐந்து பேருக்கும், வீட்டை ஏற்கெனவே மச்சானுக்குப் பேசி முடித்துவிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நான் அமரர் ஊர்தி ஓட்டுகிறேன். எந்த நேரம் கூப்பிட்டாலும் கிளம்ப வேண்டும் என்பதால் வண்டி என் வீட்டு வாசலில்தான் நிற்கும். சாவு வண்டி வாசலில் நிற்க யார் சம்மதிப்பார்கள்?

இப்போது இருக்கிற தண்டையார்பேட்டை வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும். இன்று வெள்ளி. இந்த வீடும் கைநழுவினால், மகளைக் கூட்டிக்கொண்டு செஞ்சிப் பக்கம் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அங்கே என்னை ஸ்கூட்டர் ஓட்டக்கூட விட்டதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் இங்கே வந்தேன். எட்டே மாதத்தில் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கிவிட்டேன். புருஷன் எங்கே, யாரைக் கேட்டு வந்தாய் என்று இந்த ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார்கள். மெட்ராஸ் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று கொஞ்சம் சாமர்த்தியமாக, வண்டியை மூன்று தெரு தள்ளி இரண்டு டேங்கர் லாரிகளுக்கு நடுவில் விட்டுவிட்டு நடந்தே வந்திருந்தேன்.

ரோசியம்மா ஓயவில்லை. நடக்கிற தூரத்தில் ரயில்வே ஸ்டேஷன், அதுவும் தென்னாட்டிலேயே பழசு. தெருமுனையில் அத்தோ நூடுல்ஸ் கடை, பர்மாவிலிருந்து வந்தவர்கள் வைத்தது, வேறு எங்கே சாப்பிட்டாலும் இந்த ருசி வராது. வேளச்சேரிக்காரன் காரை எடுத்துக்கொண்டு வந்து வாங்குகிற மீன் இங்கே கூடையில் வாசலுக்கே வரும்.

"மெட்ராஸே வெள்ளத்துல மெதந்தப்போ படகத் தூக்கிகினு போனது யாரு? காசிமேட்டுப் பசங்க! நம்ம பேச்ச கேட்டு சிரிச்சானுங்களே, அவனுங்க வூட்டாண்டதான் மொதல்ல போனானுங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மணலி எண்ணெய் ஆலைகளைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. வடமேற்கிலிருந்து காற்றடித்து லேசாக வாடை வந்தபோது, பேசிக்கொண்டே அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை ஆசையாகக் காட்டுகிறவரை ஏமாற்றக் கூடாது.

"நான் என்ன வேலைன்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா."

"அத இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றவர் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டார். "நாலு வருசம் ஆச்சு. எங்க வூட்டுக்காரரு பொட்டிய நீதானே காசிமேட்டுக் கல்லறைக்கு எத்துகினு போன?"

ஜன்னலை விட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"முப்பது வருசம் ஹார்பர்ல வேல பாத்த மனுசன். யாரும் ஒன்ன கேக்கல. நீயா அந்த கேட்டாண்ட வண்டிய நிறுத்தின. பின்னாடி கண்டெய்னரு லாரிக்காரனுங்க அம்மாம் பேரும் எஞ்சின ஆஃப் பண்ணிட்டு நின்னானுங்க. உள்ளேர்ந்து ஆளுங்க ஓடியாந்து மால போட்டாங்க. ராசா மாதிரி போனாரு."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ படியேறும்போதே கண்டுகினேன். வேற வூடு பாத்துகினு பூடப் போறியேன்னுதான் இம்மாம் நேரம் கூவிகினு கீறேன். போய் வண்டிய எத்தாந்து வாசல்ல போடு."

சாவியை நீட்டினார்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. நான் வண்டியை நிறுத்தவே இல்லை. கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன், துறைமுக வாசலுக்கு நேராக வண்டி ஆஃப் ஆகிவிட்டது.

உடனே திரும்ப ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். திட்டப் போகிறார்கள் என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதல் லாரிக்காரர் இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அடுத்தவரும் இறங்கினார். கேட்டுக்குள்ளிருந்து ஆட்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவரை ராசா மாதிரி அனுப்பிவைத்தது நான் இல்லை, இவர்கள்தான்.

சொல்லிவிட வாயைத் திறந்தேன். பிறகு சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சியதும் சொல்லிவிடுவேன்.