எத்தனாவது வாளி?

குளியலறைக் கதவுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார் மாப்பிள்ளை. உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மாமியார்.

"அத்தை, இது எத்தனாவது வாளி?"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் சட்டென்று நின்றது. "மூணு" என்றது கடுப்பான குரல்.

"மூணா? பக்கத்து வீட்டு சார் முழுக் குளியலையே ஒரு வாளியில முடிச்சிடறார்."

பக்கத்து வீட்டு சார் ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார், தனிக்கட்டை. அரை டம்ளர் தண்ணீரில் முகச்சவரம் செய்துகொள்கிறவர் என்பதால் தெருவில் அவருக்குப் பெயரே 'அரை டம்ளர்'தான்.

மாமியார் தலையைத் துவட்டிக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போனார். "ஏண்டி, உன் புருஷனுக்கு என்ன ஆச்சு? போன வாரம் வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்?"

"எல்லாம் அவர் ஆபீஸ் பண்ற கூத்தும்மா" என்றாள் மகள்.

கூத்துதான். மாப்பிள்ளைக்குக் குடிநீர் வாரியத்தில் கட்டணப் பிரிவில் வேலை. புதுக் கட்டணம் போடப் போகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு தண்ணீர் தேவை என்று முதலில் முடிவு செய்வார்கள். அதுவரைக்கும் பழைய ரேட், அதற்கு மேலே போனால் மூன்று மடங்கு.

முன்பெல்லாம் நூறு வீட்டில் ஒரு மாதம் மீட்டர் பார்த்துச் சராசரி எடுப்பது வழக்கம். இந்தத் தடவை ஆள் இல்லை என்று, மேலதிகாரி சீட்டுக் குலுக்கி ஒரே ஒரு வீட்டை எடுத்து வேலையைச் சுருக்கிவிட்டார். எந்த வீடு என்று வெளியே சொன்னால் வேலை போய்விடும்.

"அந்த வீட்டுக்காரன் கஞ்சனா இருந்துட்டா நம்ம கதி என்னங்க?" என்றாள் மனைவி. "நம்ம வீட்ல ஆறு பேர். உங்க சம்பளத்தை வாங்கின கையோட அங்கயே கட்டிட்டு வரவேண்டியதுதான்."

"அதுக்குத்தான் இப்பவே பழகிக்கணும்னு சொல்றேன். நாளையிலேருந்து ஆளுக்கு ஒரு வாளி. பக்கத்து வீட்டு சாரைப் பார்த்துக் கத்துக்கங்க."

மாமியாருக்குச் சுருக்கென்றது. "அவ்வளவு பெருமையா இருந்தா நான் அவர் வீட்லயே போய்க் குளிச்சுக்கறேன்."

வீம்புக்குச் சொன்னதை வீம்புக்கே செய்தும் காட்டினார். மறுநாள் காலை துண்டும் சோப்புமாக வந்து நின்றவரைப் பார்த்து ஓவிய வாத்தியார் ஒரு நிமிஷம் திருதிருவென்று விழித்தார்.

"குழாய் சும்மாதாம்மா கிடக்கு. தாராளமா குளிங்க" என்றார் பிறகு.

முதலில் மாமியார் போனார். அடுத்து மனைவி துணி மூட்டையோடு போனாள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் மூன்று பேரும் அங்கேதான் குளித்தார்கள். பேச்சுத் துணையே இல்லாமல் கிடந்த ஓவிய வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தெருவே மாப்பிள்ளையைக் காறித் துப்பியது. மாமியாரைக் குளிக்கக்கூட விடாத ஜென்மம் என்று காதுபடவே பேசினார்கள். மனிதர் எல்லாவற்றையும் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மாமியாருக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட அன்று, அழுக்குப் போர்வைகளை வெட்கமே இல்லாமல் தானே சுமந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் குழாயடியில் போட்டுவிட்டு வந்தார்.

"இந்த மாதிரி ஒரு கல்நெஞ்சுக்காரனுக்கா உன்னைக் கட்டிக் குடுத்தேன்" என்று மாமியார் மகளிடம் அழுதேவிட்டார்.

மாதம் முடிந்தது. புதுக் கட்டணம் பேப்பரில் வந்தது. மனைவி பயந்துகொண்டே படித்தவள், இன்னொரு தடவை படித்தாள்.

"அம்மா, இருபத்தெட்டு யூனிட் வரைக்கும் பழைய ரேட்தானாம். நமக்கு இருபத்தஞ்சைத் தாண்டினதே இல்லையே."

மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். "எந்த மகராசன் வீட்டை அளந்தாங்களோ, அவன் நல்லா இருக்கணும். ஊர் முழுக்கப் பிழைச்சுது."

மாப்பிள்ளை வாளிக் கணக்கு எழுதிய நோட்டை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். துண்டோடு வாசல்படி இறங்கப் போன மாமியாரின் வழியை மறித்து, தன் வீட்டுக் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"இனிமே இங்கயே குளிங்க அத்தை. அங்க மீட்டர் பார்த்து முடிச்சாச்சு."