கேட்காமல் கொடுத்த லிங்க்

"காப்புரிமைன்னா என்னன்னு அந்த ஆளுக்குக் காட்டறேன்!" என்று வக்கீலிடம் கொதித்தார் இணையப் பத்திரிகையின் ஆசிரியர். யாரோ முகம் தெரியாத ஒருவர் 'இன்று படிக்க' என்று ஒரு வலைப்பக்கம் நடத்தி, தினமும் அவருடைய கட்டுரைகளுக்கு லிங்க் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கட்டுரையைத் திருடலையே சார், லிங்க்தானே? அதைத் தட்டினா நம்ம பக்கத்துக்குத்தானே வராங்க?" என்று இழுத்தார் வக்கீல்.

"என்னைக் கேக்காம என் வீட்டு வாசலைக் கைகாட்ட அவன் யாரு? லிங்க் கொடுக்கவும் அனுமதி வாங்கணும்னு புதுச் சட்டம் வந்திருக்குல்ல, நோட்டீஸ் அனுப்புங்க!"

மின்னஞ்சலில் நோட்டீஸ் போன அன்றே லிங்க் எல்லாம் காணாமல் போயின. வீட்டுக்கு வந்த ஆசிரியர் மனைவியிடம் மீசையை முறுக்கிக்கொண்டார்.

"ஒரே நோட்டீஸ்! ஆளு வாலைச் சுருட்டிக்கிட்டான்."

"அப்படியா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் வாசகர்கள் நானூறு பேராகச் சுருங்கினார்கள். இப்படியே போனால் பத்திரிகையை இழுத்து மூட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆசிரியர் கௌரவத்தை விழுங்கிவிட்டு, அந்த ஆளுக்குத் தானே ஒரு மின்னஞ்சல் எழுதினார்: 'ஐயா, தவறு என்னுடையது. தயவுசெய்து மறுபடியும் லிங்க் கொடுங்கள்.'

அனுப்பிய மறுநொடி சமையலறையில் மனைவியின் போன் 'டிங்' என்றது.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அதைப் படித்தவள், சிரிப்பை அடக்கியபடி கூடத்துக்கு வந்தாள்.

"ஐயா இல்லீங்க, அம்மான்னு போடுங்க. பதிலை வக்கீல் மூலமா அனுப்பட்டுமா, இல்ல இப்படியே சொல்லிடட்டுமா?"