மஞ்சள் பட்ட சட்டை

குழாயடிச் சந்தில் அவர் ஒதுங்கி நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். யாருமில்லை.

மடியிலிருந்த மஞ்சள்பொடியைத் தண்ணீர் பாட்டிலில் கொட்டிக் குலுக்கினார்.

திருவிழாவின் கடைசி நாள். மஞ்சள் நீராட்டு. தெருவெல்லாம் மஞ்சளாய் ஓடியது.

அத்தை மகளும் கொழுந்தியாளும் விரட்டி விரட்டி ஊற்றுவார்கள். முறை உள்ளவர்கள் மேல் மட்டும்தான். மற்றவர்கள் மேல் ஒரு சொட்டு தெறிக்காது.

அவர் வெளியூர்க்காரர். அம்சவேணியைக் கூட்டிக்கொண்டு போய்த் தாலி கட்டி, இதே ஊருக்கு வந்து குடியிருப்பவர். மாமனார் வீட்டில் அன்று சாத்திய கதவு சாத்தியதுதான். கொழுந்தியாள் கோகிலாகூட அவரைக் கண்டால் குடத்தோடு திரும்பிக்கொள்வாள்.

கோயில் மைக்கில் ஊர் வரலாறு ஓடிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ மாட்டுவண்டியில் வந்தாளாம் அம்மன். அச்சு முறிந்த இடத்தில் இறங்கிவிட்டாளாம். அப்புறம்தான் இந்த ஊரே உண்டானதாம்.

நல்லா இருக்கிறது போங்கள்! அம்மனுக்கு ஒரு நியாயம், அவருக்கு ஒரு நியாயம்.

முதல் வருடம் காய்ந்த சட்டையோடு வீடு திரும்பினார். அன்று அம்சவேணி சாப்பிடவில்லை. அந்த முகத்தை அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து இந்தப் பாட்டில்தான்.

நெஞ்சில் ஊற்றிக்கொள்வார். "உன் தங்கச்சி ஊத்திப்போட்டா பாரு" என்று வீட்டுக்குள் நுழைவார். அம்சவேணி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இந்த வருடமும் ஊற்றிக்கொண்டார்.

பாட்டிலை மூடும்போது கொலுசுச் சத்தம். நிமிர்ந்தார்.

கோகிலா. இடுப்பில் குடம்.

அவள் பாட்டிலைப் பார்த்தாள். மஞ்சள் வழியும் அவர் நெஞ்சைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

அவருக்கு மானமே போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

சந்து முனைகூட வரவில்லை. பின்னாலிருந்து முழுக் குடமும் அவர் மேல் கவிழ்ந்தது.

"எங்க மாமா ஓடறீங்க? நில்லுங்க!"

மாமா.

கண்ணைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். எது தண்ணீர், எது கண்ணீர் என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டு வாசலில் அம்சவேணி காத்திருந்தாள். அவர் துண்டு எடுக்க அவளைத் தாண்டி உள்ளே போனார்.

"ஏனுங்க, நில்லுங்க."

முதுகில் அவள் கை பட்டது.

"இத்தனை வருசத்துல ஒருக்காக்கூட முதுகு நனைஞ்சதில்லீங்களே" என்றாள்.

அந்த ஈரத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டாள்.