யூ வடிவ ஏக்கம்

நம்பாதவர்கள் அந்தக் கூட்ட அறைக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். பின்வரிசை நாற்காலி ஒன்று, பதினோரு வருஷமாக முன்வரிசை நாற்காலியின் முதுகை மட்டுமே பார்த்து, அதன் முகத்தைப் பார்க்க ஏங்கிக் கிடந்தது.

ஒருநாள் பிரெஞ்சு விருந்தாளி ஒருவர், இருக்கைகளை எப்படிப் போட வேண்டும் என்று எழுதி அனுப்பினார். மேஜைமேல் இருந்த பிரெஞ்சு-இங்கிலீஷ் அகராதி எட்டிப் படித்தது.

"என்ன போட்டிருக்கு அண்ணே?" என்றது நாற்காலி.

"இங்கிலீஷ்ல யூ ஷேப். நீங்க ரெண்டு பேரும் எதிரெதிர்! மூஞ்சியத் துடைச்சுக்கோ மாப்பிள்ளே."

மறுநாள் அப்படியே போட்டார்கள். நாற்காலி நிமிர்ந்து பார்ப்பதற்குள், இரண்டின்மேலும் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

விருந்தாளியின் அடியிலிருந்து நாற்காலி முனகியது:

"அண்ணே, 'எழுந்து போய் டீ குடிங்க'ங்கிறதுக்குப் பிரெஞ்சுல என்ன?"