வாலுவின் கூட்டாளிகள்

“டேய் வாலு, காலைக் கீழ இறக்குடா. கண்ணாடி முழுக்க உன் பாதம்தான் தெரியுது” என்றான் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த சோடா.

“ரோட்டைப் பாத்து ஓட்டுடா சோடாபுட்டி. என் காலைப் பாத்து ஓட்டினா ஊரா வந்து சேரும்?”

பின் சீட்டில் கொக்கும் மூட்டையும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாலுவும் சிரித்தார். சோடா மட்டும் உதட்டைச் சிரிப்பதுபோல் விரித்து, மூடிக்கொண்டான்.

வாலு அவர்களுடைய அப்பா.

சோடா மூத்த மகன். கொக்கு நடுவுள்ளவன், மூட்டை கடைக்குட்டி. இந்தப் பட்டப்பெயர்களெல்லாம் அப்பாவின் இளவயதுக் கூட்டாளிகளுடையவை. அந்த மூவரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்பாவின் பேச்சில் மட்டும் இன்னும் உயிரோடு இருந்தார்கள். பெற்ற பிள்ளைகளின் பெயர்தான் இப்போது அந்தப் பேச்சில் வருவதில்லை.

அம்மா போன பிறகு அப்பா மூத்தவன் வீட்டில் இருந்தார். பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வாசலைத் திறந்துபோட்டு எங்கேயாவது நடந்துவிடுவார். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் பட்டதால்தான் வீடு தப்பியது. மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்று நாட்டின் மறுகோடியில் இருப்பதாக மருத்துவர் சொன்னார்.

ஆனால் நினைவு நன்றாக இருந்த காலத்திலேயே அப்பா சொல்லிவைத்திருந்தார். “என்னை எங்கயாவது கொண்டுபோய்த் தள்ளணும்னா, கைகாலைக் கட்டித்தான் தூக்கிட்டுப் போகணும்.”

விடுதியில் இடம் கிடைத்துவிட்டதென்று போன் வந்த அன்று சாயங்காலம் தம்பிகளும் வந்துவிட்டார்கள். அப்பாவின் அறைக்கதவைச் சாத்திவிட்டு, மூவரும் கூடத்தில் உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். அவரைக் கத்தவிடாமல், அழவிடாமல் எப்படிக் கூட்டிப்போவது? விடை கிடைக்கவில்லை.

மறுநாள் காலை, முகம் மழித்துக்கொண்டிருந்த மூத்தவனின் முதுகில் பளாரென்று ஒரு தட்டு விழுந்தது.

“டேய் சோடா, நாலு பேரும் நாட்டைச் சுத்தி வரணும்னு பேசினோமே, எப்படா கிளம்புறது?”

மூத்தவன் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். “இந்த வாரமே கிளம்புவோம்டா” என்றான். அந்த ‘டா’ தன் வாயிலிருந்து எப்படி வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

தம்பிகளுக்குத்தான் முதலில் நாக்கு எழவில்லை. அப்புறம் பழகிவிட்டது. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசாத மனிதர் இப்போது வழியெல்லாம் பாட்டுப் பாடினார், டீக்கடையில் வம்பிழுத்தார், அடுத்தவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றார். தம்பிகள் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். அதற்குமுன் அந்தத் தோளை அவர்கள் தொட்டதே இல்லை.

மூத்தவனுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கை மரத்திருந்தது. வயல், பாலம், ஆலைச் சுவர், மறுபடி வயல். எல்லாம் வந்தன, போயின. அவன் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். அதற்குமேல் அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வாலு வண்டியை நிறுத்தச் சொன்னார். “இந்த மூட்டையை முன்னாடி விடுங்கடா. நாலு வளைவு ஏறினா வாந்தி எடுப்பான், வண்டியே நாறிடும்.”

கடைக்குட்டிக்குச் சின்ன வயதிலிருந்தே மலைப்பாதை ஆகாது. அந்தக் காலத்து மூட்டைக்கும் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்தபடி மூத்தவன் கியரை மாற்றினான்.

விடுதி மலைக்கு அந்தப்பக்கம் இருந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் நர்ஸ் சீருடை போடாமல் வந்து நின்றாள். “வாங்க சார், ரூம் ரெடியா இருக்கு. எங்க லாட்ஜ் பிடிச்சிருக்கா?”

அறையில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, ஒரு மேசை, கம்பி போட்ட ஜன்னல். வாலு மெத்தையை அமுக்கிப் பார்த்தார்.

“ஒத்தைக் கட்டில்தான் இருக்கு. நீங்க எங்கடா படுப்பீங்க, தடிமாடுங்களா?”

“பக்கத்து ரூம்டா” என்றான் நடுவுள்ளவன். “உன் குறட்டைக்கு எவன் பக்கத்துல படுப்பான்?”

“பெட்ரோல் போட்டுட்டு வந்துடறோம். அதுக்குள்ள நீ ஒரு குளியல் போடுடா வாலு.” சொல்லும்போதே கடைக்குட்டியின் குரல் உடைந்தது. அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

“போங்கடா, போங்க. ஊர் மேயாம சீக்கிரம் வந்து சேருங்க.”

தம்பிகள் விறுவிறுவென்று வெளியேறினார்கள். நடைவழியில் நடுவுள்ளவன் சொல்வது கேட்டது. “நல்லவேளைடா. அவருக்கு ஒண்ணுமே தெரியல.”

மூத்தவன் பையைத் திறந்து சட்டைகளை அலமாரியில் அடுக்கினான். மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். வைத்ததை எடுத்து இன்னும் கட்டில் பக்கமாக வைத்தான். இனிச் செய்ய எதுவும் இல்லை.

“வர்றேன்டா வாலு” என்றான். யாரோ சொல்வதுபோல இருந்தது.

அவர் எழுந்து வந்து, பாதி திறந்திருந்த கதவை மெதுவாகச் சாத்தினார். தம்பிகளின் காலடிச் சத்தம் படியிறங்கி ஓயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தம்பிங்ககிட்ட சொல்லிடாதே, பெரியவனே.”