வாசிப்பறைப் படம்

நண்பகலில் பல்கலைக்கழகத்தின் புதிய இணையதளத்தைத் திறக்க வேண்டும். தளங்களைச் சோதிக்கும் பார்வையற்ற அக்கா, கணினி வாசிப்பதைக் கேட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் திறப்போம். என் முதல் தளம் என்பதால் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படங்களைப் பார்க்க முடியாதவர்களுக்குக் கணினி வாசித்துச் சொல்லும் விவரிப்புகளை நானே எழுதியிருந்தேன். "காலியான வாசிப்பறை" என்று எழுதிய படத்துக்கு வந்ததும் கணினியின் குரல் சொன்னது: "ஜன்னலோரம் ஒரு பெண் படிக்கிறாள்."

படத்தில் வெறும் நாற்காலிகள்தான். அழித்து, திரும்ப எழுதிச் சேமித்து, மறுபடி வாசிக்க விட்டேன்.

"அந்தப் பெண் புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்கிறாள்."

"அக்கா, நான் இப்படி எழுதவே இல்லக்கா!"

"சும்மா இருடி. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் எனக்கு ஒரு படம் தெரியுது. உன் தளம் பாஸ்தான், போ. இன்னொரு தடவை ஓட விடு!"

"அவள் எழுந்து உங்களை நோக்கி வருகிறாள்."

அக்கா சிரித்துக்கொண்டே தன் நாற்காலியை நகர்த்தி, எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் விட்டாள்.